நாலாவது டம்

தினேஸ்வரியின் அப்பா கனகராஜ் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் வேனை விட்டு இறங்கினார்.

"அப்பா, இன்னும் பாட்டே ஆரம்பிக்கலைலா!" என்றாள் தினேஸ்வரி.

"என்னா?"

"பாட்டு இன்னும் ஆரம்பிக்கலேன்னு சொன்னேன்!"

"சரி சரி, பாத்து நட," என்றார் அப்பா.

தினேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். பதினொரு வயதுப் பெண் ஒரு நாளைக்கு எவ்வளவுதான் பொறுமையாக இருப்பாள்? அதுவும் இன்றைக்கு! ஈப்போ திடலில் மாயாண்டி பாடப் போகிற நாள் ஆயிற்றே!

மாயாண்டி, ஹுத்தான் மெலிந்தாங் என்ற கடலோர ஊரில் மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்தவர். பனைமரம் மாதிரி உயரம். வாயைத் திறந்தால் போதும், தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோலச் சொற்கள் படபடவென்று கொட்டும். அவருடைய ராப் பாட்டுகள் அத்தனையும் தினேஸ்வரிக்கு மனப்பாடம். பன்னிரண்டாம் வாய்ப்பாடு மட்டும்தான் இன்னும் கொஞ்சம் தகராறு செய்கிறது.

மாயாண்டியின் கச்சேரியில் கடைசிப் பாட்டுக்கு முன்னால் 'பெரட்டு' என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்னே ஆட்களை வரிசையாக நிறுத்தி, வேலைக்கு வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அதற்குத்தான் பெரட்டு என்று பேர். மாயாண்டி ஆட்களைக் கூப்பிட மாட்டார், ஊர்களைக் கூப்பிடுவார். டிஜே ராமையா தன் கருவியில் 'டம், டம், டம், டம்' என்று நாலே நாலு அடி கொடுப்பார். அந்த நாலு அடிக்குள் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பேரைக் கத்த வேண்டும். பெரிய திரையில் அவர்கள் முகம் வரும். திடலே சேர்ந்து கைதட்டும்.

தாமான் மெலோரின் பேர் ஒருமுறைகூட அப்படி ஒலித்ததில்லை. கோப்பெங் பக்கத்தில் இருக்கும் சின்னக் குடியிருப்பு அது. தினேஸ்வரியின் குடும்பம் அங்கே குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த முறை தன் ஊரை எப்படியாவது கூப்பிட வைப்பது என்று அவள் இரண்டு மாதமாக ஒற்றைக் காலில் நின்றாள்.

ஓர் அட்டைகூடச் செய்திருந்தாள். மேலே சிவப்பு எழுத்தில் 'தாமான் மெலோர்'. கீழே, அவர்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்கும் பழைய இரும்புத் தண்ணீர்த்தொட்டியின் படம். தொட்டியின் மேல் தினமும் வந்து உட்காரும் இரண்டு கொக்குகளையும் மறக்காமல் வரைந்திருந்தாள். அவற்றில் ஒன்று வாத்து மாதிரி வந்துவிட்டது. அதனால் என்ன!

பதினாறு பேர் வருவதாக இருந்தது. ஆனால் பாகான் செராயில் ஒரு கல்யாணம் வந்து எல்லாரையும் வாரிக்கொண்டு போய்விட்டது. தினேஸ்வரியின் அம்மாகூட அங்கேதான் போயிருந்தார். மிஞ்சியவர்கள் தினேஸ்வரி, அவளோடு படிக்கும் விக்னேஸ்வரன், அவன் அக்கா சாந்தினி. அப்புறம், பஞ்சு வைத்த அப்பா.

பெரட்டுக்குப் பேர் பதியும் கூடாரத்தில் பிரமிளா என்று சட்டையில் பேர் குத்திய ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊரு? எத்தன பேரு?"

"தாமான் மெலோர்க்கா. மூணு பேரு. அப்பாவோட நாலு."

"என்னய எண்ணாத!" என்றார் அப்பா. இதுமட்டும் எப்படிக் காதில் விழுந்ததோ! "நான் டிரைவர். ரசிகன் இல்ல."

"அலாமாக்!" என்றார் பிரமிளா அக்கா. "பதினஞ்சு பேராச்சும் இருக்கணும் தங்கச்சி. மூணு பேரு கத்துனா மேடைக்குக் கேக்காதுலா."

"நாங்க நல்லா சத்தமா கத்துவோம்க்கா."

"அது உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆனா ரூல் ரூல்தான். மாயாண்டி மேடை ஏறுற வரைக்கும் நேரம் இருக்கு. ஆளச் சேத்துக்கிட்டு வா."

தினேஸ்வரி அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் வெள்ளை முக்காடு போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்கும் அதே வயதுதான் இருக்கும்.

"ஆறாங்கட்டை. அஞ்சு பேரு," என்றாள் அவள். அவளுக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

அடுத்து வந்தவர் கறுப்புச் சட்டை போட்ட ஓர் அண்ணன். சட்டையில் வெள்ளைக் கொக்கு ஒன்று சிறகை விரித்திருந்தது.

"கொக்குத்தோட்டம். ஆறு பேரு."

"பத்தாது தம்பி."

"என் பேரு சீனிக்கா. எங்க ஆளு ஒவ்வொருத்தனும் மூணு ஆளுக்குச் சமம். வேணும்னா எட போட்டுப் பாருங்க."

"கொக்குன்னு சட்டையில போட்டுக்கிட்டு யானை மாதிரி பேசாத. பதினஞ்சு பேரு வேணும்," என்றார் பிரமிளா அக்கா.

மேடைக்கு முன்னால் இருந்த இரும்புத் தடுப்பை நோக்கி எல்லாரும் ஓடினார்கள். தினேஸ்வரியும் முக்காடு போட்ட பெண்ணும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பிடித்தார்கள்.

"நாங்கதான் மொதல்ல வந்தோம்!" என்றாள் தினேஸ்வரி.

"கையி யாருது மொதல்ல கம்பியில பட்டுச்சு? என்னுதுதான்!" என்றாள் அவள்.

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. ஐந்து வயதுக் குட்டிப் பெண் ஒருத்தி இடுப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"முஹ்ஸினாக்கா, எனக்கு முதுகு மட்டுந்தான் தெரியுது!"

"ஜெய்னு, அழாதே. இரு," என்றாள் முக்காடு போட்ட பெண். ஆனால் அவளுக்கும் நகர இடம் இல்லை.

தினேஸ்வரிக்கு அந்த இடத்தை விட மனசே இல்லை. இரண்டு மாதக் கனவு, அதுவும் முன்வரிசை! ஆனால் அழுகிற குழந்தையை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? ஒரு பெருமூச்சு விட்டாள். "வா, எனக்கு முன்னால நில்லு," என்று குட்டியை இழுத்துத் தடுப்போடு ஒட்டி நிறுத்தினாள். அழுகை நிற்கட்டும் என்று கையிலிருந்த அட்டையையும் கொடுத்தாள்.

ஜெய்னு மூக்கை உறிஞ்சிக்கொண்டே அட்டையைப் பார்த்தாள். அழுகை பட்டென்று நின்றது.

"ஐ! நம்ம தண்ணித்தொட்டி!"

"இது எங்க தாமான்ல உள்ள தொட்டி," என்றாள் தினேஸ்வரி.

முஹ்ஸினா எட்டிப் பார்த்தாள். "இல்லையே. இது ஆறாங்கட்டைத் தொட்டிலா. எங்க அத்தா கடைக்குப் பின்னால சாஞ்சிக்கிட்டு நிக்குமே!"

"கடையா? முன்னால மஞ்சக் குடை இருக்குமே, ரொட்டி சானாய் கடை, அதுவா?"

"அதேதான்!"

"அங்கதான் நாங்க ஞாயித்துக்கிழமையெல்லாம் ரொட்டி வாங்குவோம்! ஒன்னய நான் பாத்ததே இல்லையே?"

"நாங்க ஈப்போவுல தங்கிப் படிக்கிறோம். அத்தா மட்டும் தெனம் கடைக்குப் போவாங்க. தொட்டிக்கு அந்தப் பக்கம் தாமான் இருக்குன்னு தெரியும். பேருதான் தெரியாது."

தினேஸ்வரியின் கண் விரிந்தது. தாமான் மெலோரும் ஆறாங்கட்டையும் ஒரே இடம்! மூன்றும் ஐந்தும் எட்டு. மனசு கடகடவென்று கணக்குப் போட்டது. அப்போது அட்டையில் இருந்த வாத்து, இல்லை, கொக்கு அவள் கண்ணில் பட்டது.

கொக்கு!

"விக்கி, எடத்தப் பாத்துக்க! இந்தா வாரேன்!" என்று கூட்டத்துக்குள் புகுந்தாள். கறுப்புச் சட்டைக்காரர்கள் ஓரமாய் நின்று ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சீனியண்ணே! சீனியண்ணே! உங்க கொக்குத்தோட்டத்துல சாஞ்ச தண்ணித்தொட்டி ஒண்ணு இருக்கா?"

சீனிக்குப் புரை ஏறிவிட்டது. "ஒனக்கு எப்படித் தெரியும்? அதுல ஏறித்தானே என் தம்பி கைய ஒடச்சிக்கிட்டான்! தோட்டத்த வித்ததும் நாங்க ஈப்போ ஃப்ளாட்டுக்கு வந்துட்டோம். தொட்டி இன்னும் இருக்கா?"

"இருக்குண்ணே! கொக்கும் இருக்கு! அங்கதான் என் வீடும் இருக்கு!"

எட்டும் ஆறும் பதினாலு. இன்னும் ஒரே ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஒரே ஓர் ஆள் ஒரு மரத்தடியில் நின்று, காகிதக் கூம்பில் இருந்த கச்சாங் பூத்தேயைக் கொறித்துக்கொண்டிருந்தார். வறுத்த கடலை ஒவ்வொன்றாய் நிதானமாக வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. தினேஸ்வரி கத்திப் பார்த்தாள், பலிக்கவில்லை. நேரே போய் அவர் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினாள்.

"அப்பா! கொக்குத்தோட்டம்னா எது?"

"நம்ம தாமான் கட்டுறதுக்கு முன்னால அங்க இருந்த தோட்டந்தான். தொட்டி மேல கொக்கு உக்காருமே."

"ஆறாங்கட்டைன்னா?"

"அதுவும் நம்ம எடந்தான். ரோட்டோரம் ஆறாவது மைல்கல்லு இருந்துச்சு."

"இத ஏம்ப்பா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா," என்றார் அப்பா. கடலை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "ஆனா என் பொறப்புப் பத்திரத்துல வேற பேரு. பிரென்டன் எஸ்டேட். தொரைமாரு வச்ச ஆபீஸ் பேரு. நான் பொறந்ததே அங்கதானே!"

"அப்பா, ஒரே ஒரு ஆளு கொறையுது. நீங்க வரணும். ப்ளீஸ்ப்பா!"

அப்பா மேடையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கூம்பைப் பார்த்தார். கடலை தீர்ந்திருந்தது. "வாரேன். ஆனா நான் கத்துனா பிரென்டன்னுதான் கத்துவேன். என் பத்திரத்துல அதுதான் இருக்கு."

பதினைந்து பேரும் கூடாரத்துக்கு ஓடினார்கள். பிரமிளா அக்கா ஒவ்வொரு தலையாக எண்ணினார். "பதினஞ்சு! இந்தக் குட்டியச் சேத்துத்தானே? சரி. ஊருப் பேர எழுதுங்க. சீக்கிரம்! ஒரு கட்டந்தான் இருக்கு."

அங்கேதான் ஆரம்பித்தது சண்டை.

"ஆறாங்கட்டைன்னு எழுது. பஸ்காரங்ககூட அப்படித்தான் சொல்வாங்க," என்றாள் முஹ்ஸினா.

"நாங்க ஆறு பேரு. எங்க பேருதான் எழுதணும். சட்டையெல்லாம் அடிச்சிட்டோம்லா!" என்றார் சீனி.

"பிரென்டன்," என்றார் அப்பா. "பத்திரத்துல..."

"தாமான் மெலோர்! தினேஸ், அதயே எழுது!" என்றான் விக்னேஸ்வரன்.

பேனா தினேஸ்வரியின் கையில்தான் இருந்தது. யாரும் தாளைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். சட்டென்று எழுதிவிட்டால் முடிந்தது வேலை. இரண்டு மாதம் ஆசைப்பட்டவள் அவள்தானே? 'தா' என்று எழுதியும் விட்டாள்.

அவள் சட்டை நுனியை யாரோ இழுத்தார்கள். ஜெய்னு இன்னும் அந்த அட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, எங்க பேரும் வருமா?"

தினேஸ்வரிக்கு முகம் சுருங்கியது. பேனா நின்றது. இவர்கள் வராவிட்டால் இன்றைக்கு அவள் ஊர்ப் பேரும் இல்லை, ஒன்றும் இல்லை. அது அவளுக்குத் தெரியாதா என்ன?

மேடையில் டிஜே ராமையா கருவியைச் சோதித்துப் பார்த்தார். டம். டம். டம். டம்.

தினேஸ்வரி நிமிர்ந்தாள். நாலு அடி! அவர்களிடம் இருப்பதும் நாலு ஊர்ப் பேர்கள்தானே?

"நிறுத்துங்கலா எல்லாரும்!" என்று அவள் போட்ட சத்தத்தில் சீனியண்ணன்கூட வாயை மூடிக்கொண்டார். "நாலு டம் இருக்கு. மொத டம்முக்கு நாங்க. ரெண்டாவதுக்கு முஹ்ஸினா. மூணாவதுக்குக் கொக்குத்தோட்டம். நாலாவது அப்பாவோடது. யாரும் யாருக்கும் விட்டுக்குடுக்க வேணாம்!"

"கட்டம் ஒண்ணுதானே இருக்கு?" என்றாள் முஹ்ஸினா.

"ஒரு கட்டந்தான்னு சொன்னாங்க. எவ்ளோ சின்னதா எழுதணும்னு சொல்லலயே!"

பிரமிளா அக்கா சிரித்துவிட்டார். தினேஸ்வரி நாக்கைத் துருத்திக்கொண்டு, எறும்பு எழுத்தில் நாலு பேர்களையும் அந்தக் கட்டத்துக்குள் அடைத்தாள். அவள் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கவும் திடல் 'ஓ'வென்று இரையவும் சரியாக இருந்தது. மாயாண்டி மேடையில் குதித்துவிட்டார்! பதினைந்து பேரும் முண்டியடித்துக்கொண்டு தடுப்புக்கே திரும்பி ஓடினார்கள்.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது! புல்தரை அதிர்ந்தது. நெஞ்சுக்குள் வேறு யாரோ நின்று மேளம் அடிப்பதுபோல் இருந்தது. மாயாண்டி மேடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடிக்கொண்டே மூச்சு விடாமல் பாடினார்.

"மழ வந்தா என்ன, வெயில் வந்தா என்ன,
சைக்கிள் செயின் கழண்டா தோளுல தூக்கு!
ஊருப் பேரு கேட்டா ஓங்கி நின்னு சொல்லு,
கொரலு தீந்து போனா விசிலுல தாக்கு!"

"தாக்கு! தாக்கு!" என்று ஆயிரம் பேர் குதித்தார்கள். தினேஸ்வரியும் குதித்தாள். முஹ்ஸினாவின் தோளில் கை போட்டுக்கொண்டு குதித்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே இடத்துக்குச் சண்டை போட்டவர்கள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜெய்னு சீனியண்ணன் தோளில் ஏறிக்கொண்டு அட்டையை ஆட்டினாள். அப்பா மட்டும் சிலை மாதிரி நின்றார். ஆனால் அவருடைய வலது கால் செருப்பு தானாகத் தாளம் போட்டதைத் தினேஸ்வரி பார்த்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் ஒரு நிமிடமாய்ப் பறந்தது. மாயாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை விரித்தார்.

"பெரட்டு!" என்று முழங்கினார். "கோப்பெங்!"

டம், டம், டம், டம். "கோப்பெங்! கோப்பெங்!" என்று ஒரு மூலை அலறியது. ஒவ்வோர் ஊராகக் கூப்பிட்டு வந்தவர் திடீரென்று தாளை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார்.

"என்னலா இது, எறும்பு ஊருற மாதிரி இருக்கு? யாரு எழுதுனது?"

தினேஸ்வரி கையைத் தூக்கினாள். பெரிய திரையில் அவள் முகம் ஒரு வீட்டளவுக்கு வந்து நின்றது. மாயாண்டி குனிந்து ஒலிவாங்கியை அவள் பக்கம் நீட்டினார்.

"நாலு ஊரா தங்கச்சி?"

"இல்லண்ணே! ஒரே ஊருதான். அதுக்கு நாலு பேரு இருக்கு!"

திடல் சிரித்தது. "எங்க காட்டு பாப்போம்! ராமையா, அடி!"

டம்! "மெலோர்!"

டம்! "ஆறாங்கட்டை!"

டம்! "கொக்குத்தோட்டம்!"

டம்!

சத்தமே இல்லை.

தினேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அப்பா பெரிய திரையில் தன் முகத்தைப் பார்த்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். சத்தம் அதிகம் என்று காதில் பஞ்சை மறுபடியும் வைத்திருந்தார்!

"நாலாவது ஆளு லீவுபோல!" என்றார் மாயாண்டி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் தாளில் அடுத்த ஊரைத் தேடினார். தினேஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பேர் மட்டும் விழாமல் போவதா? அதுவும் அப்பா பிறந்த ஊரின் பேர்! அவளே கத்தியிருக்கலாம்தான். ஆனால் அந்த அடி அவருடையது.

அப்பாவின் இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். "அப்பா! நாலாவது டம் உங்களோடது! உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்!" மேடையைப் பார்த்துக் கத்தினாள். "இன்னொரு தடவண்ணே! ஒரே ஒரு தடவ!"

"இன்னொரு தடவ!" என்றாள் முஹ்ஸினா. "இன்னொரு தடவ!" என்றார்கள் கறுப்புச் சட்டைக்காரர்கள். பிறகு கோப்பெங் மூலையும் சேர்ந்துகொண்டது. "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!"

மாயாண்டி தாளை மடித்தார். டிஜே ராமையா கையை ஓங்கினார்.

டம்! "மெலோர்!"

டம்! "ஆறாங்கட்டை!"

டம்! "கொக்குத்தோட்டம்!"

டம்!

"பிரென்ன்ன்டன்!"

அப்பா கனகராஜ் இருபது வருடமாக லாரி ஓட்டுகிறவர். இரைச்சல் நிறைந்த லாரி நிலையத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கத்திப் பழகிய தொண்டை அது. ஒலிவாங்கியே இல்லாமல் அந்தச் சத்தம் திடலைத் தாண்டிப் போனது. விளக்குக் கம்பத்தில் இருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. மாயாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேடையில் மல்லாந்து விழுந்தார். பொய்யாகத்தான்!

அப்புறம் எழுந்த கைதட்டல், அப்பப்பா!

டிஜே ராமையா லேசுப்பட்டவரா? அப்பாவின் சத்தத்தை அப்படியே தன் கருவியில் பிடித்து வைத்துக்கொண்டார். கடைசிப் பாட்டில் ஒவ்வொரு நாலாவது அடிக்கும் அது திரும்பத் திரும்ப வந்தது. டம், டம், டம், "பிரென்ன்ன்டன்!" ஊர் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஆயிரம் பேர் அந்தப் பேரைக் கத்திக்கொண்டு குதித்தார்கள். எல்லாரையும்விட உயரமாய்க் குதித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ரசிகனே இல்லாத அந்த டிரைவர்தான்.

போகும்போது ஜெய்னு அட்டையைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. தினேஸ்வரியும் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழம எங்க கடைக்கு வா. நானும் வாரேன்," என்றாள் முஹ்ஸினா. "நாங்களும் வருவோம். தொட்டியப் பாக்கணும்," என்றார் சீனி. "ஏறாம பாருங்க," என்றார் அப்பா, கரகரத்த குரலில்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கல்யாணப் புடவையை மாற்றாமல் வாசலிலேயே காத்திருந்தார்.

"என்னாச்சு? நம்ம ஊருப் பேரக் கூப்பிட்டாங்களா?"

தினேஸ்வரி வாயைத் திறந்தாள். காற்று மட்டும்தான் வந்தது. குரல் மொத்தமும் ஈப்போ திடலிலேயே தங்கிவிட்டது. நாலு விரலைக் காட்டினாள்.

"நாலு தடவயா?"

இல்லை என்று தலையாட்டினாள். ஓடிப்போய் மேசையில் ஓங்கித் தட்டினாள். டம்! டம்! டம்!

அதோடு கையை நிறுத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா செருமினார். நெஞ்சை நிமிர்த்தினார். கண்ணை மூடி, முழு பலத்தையும் திரட்டி வாயைத் திறந்தார்.

"பிரென்டன்," என்று ஒரு சத்தம் வந்தது, எலிக்குஞ்சு கீச்சிடுவதுபோல.